பெண் வீட்டு வானும் கானில் இறங்கிய காரும்

1. பாலத்தடியில் சாவி வாங்குகிற வேலை

கொழும்பில் வாகனம் ஓடுவது பெரிய வேலையில்லை. நிறுத்துவதுதான் வேலை. இந்தத் தொழிலுக்கு வருகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஓடத் தெரிந்தவன் ஊரெல்லாம் கிடைப்பான். வெள்ளவத்தையில் சனிக்கிழமை காலை ஒரு வானை யாருடைய வாயிலும் விழாமல் நிறுத்தத் தெரிந்தவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

துறைமுகத்தில் லொறி ஓடிய வேலையை விட்டு வந்த பிறகு, கொட்டாஞ்சேனை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் தொடங்கிய தொழில் இது. வெளியூர்க் குடும்பங்கள் ஒரு நாள் பயணமாகக் கொழும்புக்கு வருவார்கள். கண் டொக்டர், கூறைச் சேலை, மிருகக்காட்சிச்சாலை, பின்னேரம் கடற்கரை என்று ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும். சொந்த வாகனத்திலேயே பேலியகொடை வரைக்கும் வந்துவிடுவார்கள். நகரத்துக்குள் நுழைகிற பாலத்தைக் கண்டதும் வாகனத்தை ஓரம் கட்டிவிடுவார்கள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் நான் காத்திருப்பேன். சாவியை என்னிடம் தந்துவிட்டுப் பக்கத்து ஆசனத்துக்கு மாறி, நாள் முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார்கள். பொழுது பட அதே பாலத்தடியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன்.

சில வழிமுறைகளைச் சொல்லி வைக்கிறேன். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நிறுத்தினால் வாகனத்தின் மூக்கு வெளியே போகிற பக்கம் பார்க்க வேண்டும். புதுப் பெயின்ட் அடித்த கேற்றுக்கு முன்னால் நிறுத்தவே கூடாது, அந்த வீட்டுக்காரர் ஜன்னலை விட்டு அசையமாட்டார். கோயில் என்றால் செருப்புப் பார்க்கிறவரிடம் கேளுங்கள், ஐயரிடம் கேட்காதீர்கள். இவ்வளவு தெரிந்த நானும் ஒரு நாள் ஒரு ஒழுங்கைக்குள் செய்வதறியாமல் நின்றேன். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

கைத்தொலைபேசி எல்லார் சட்டைப் பையிலும் வந்து குந்தாத காலம். கண்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மகாலிங்கம் ஐயாவின் வான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து நின்றதும் வானை ஓடி வந்தவரிடம் சாவி வாங்கலாம் என்று வலது பக்கக் கதவடிக்குப் போனேன். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் இறங்கினாள்.

“அண்ணை, இந்தாங்கோ. கிளச் கொஞ்சம் மேல பிடிக்கும்,” என்று சாவியை நீட்டினாள். மகாலிங்கத்தாரின் மகள் வத்சலா. கண்டியில் படிப்பிக்கிற பிள்ளை.

“தங்கச்சி, கடுகண்ணாவை மலை இறக்கத்தில நீங்களா ஓடி வந்தது?”

“நானில்லாம ஆர்? அப்பாவுக்குக் கண்ணில புரை வெட்டினாப் பிறகு கடைச் சாமானெல்லாம் நான்தான் ஏத்தி இறக்குறனான்.”

பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வத்சலாவின் தாய் சரஸ்வதி அம்மா வானுக்குள் இருந்தபடியே தலையை நீட்டி விளங்க வைத்தார்.

“தம்பி, இண்டைக்கு வெள்ளவத்தைக் கோயில்ல இவளை மாப்பிள்ளை வீட்டார் பாக்க வருகினம். இவள் வான் ஓடுறது அவைக்குத் தெரியப்படாது. போன முறை குருநாகல்ல பேசின இடம் இதாலதான் குழம்பினது. பொம்பிளை லொறிக்காரன் மாதிரி மூட்டை ஏத்துறாளாம் எண்டு சொல்லிப்போட்டினம்.”

லொறி ஓடிய எனக்கு அந்தப் பேச்சு சுட்டது. அன்றைக்கு அவர்கள் பிடித்தது டிரைவரை அல்ல, மகளை மறைக்க ஒரு திரையை. இருந்தாலும் வேலை வேலைதான். வத்சலா பின் ஆசனத்தில் ஏறி, சேலை மடிப்பைச் சரி செய்து, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகத்தில் கல்யாணக் களை துளியும் இருக்கவில்லை.

2. தெரியாத ஆட்கள்

கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிற வழக்கம் நம்மவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வீட்டாரும் தற்செயலாகக் கும்பிட வந்தவர்கள் போல வருவார்கள். ஒருவரையொருவர் தெரியாது. கதைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. கோயில் வீதி சுற்றுகிறபோது கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். பிடித்தால் தரகர் மூலம் சொல்லி அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெண்ணுக்கு மானக்கேடு வராமல் இருக்க யாரோ நல்ல மனிதர் யோசித்து வைத்த ஏற்பாடு.

கோயில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையின் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் உயர்ந்த மதில். மறு பக்கம் மூடியில்லாத கான், அதற்குள் கறுப்புத் தண்ணீர். ஒழுங்கை ரயில் பாதையில் போய் முட்டி நிற்கும், வேறு வழியில்லை. நாங்கள் நேரத்தோடு போய்விட்டோம்.

“கோயில் வாசல்ல காத்து நிக்க ஏலாது,” என்றார் சரஸ்வதி அம்மா. “பொம்பிளை வீட்டார் பறக்கினம் எண்டு நினைப்பினம்.”

அதனால் வானை ரயில் பாதையடி வரை கொண்டுபோய், மூக்கை வெளிப்பக்கம் திருப்பி நிறுத்தி, எல்லாரும் உள்ளேயே இருந்தோம். கடல் காற்று உப்பாக வீசியது. மகாலிங்கத்தார் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். நடை சாத்துகிற நேரம் நெருங்கியதும், “சரி, இனி எடும்,” என்று அம்மா உத்தரவு கொடுத்தார்.

நான் மெதுவாகக் கோயிலை நோக்கி வர, எதிரே காலி வீதியிலிருந்து ஒரு வெள்ளைக் கார் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் ஒரு முச்சக்கரவண்டி. அதற்கும் பின்னால் காஸ் சிலிண்டர் ஏற்றிய லொறி. கோயில் வாசலுக்குக் கொஞ்சம் இப்பால் காரும் வானும் மூக்கோடு மூக்கு நின்றன. நான் ஹோர்னில் கையை வைத்து, தலையையும் வெளியே நீட்டினேன்.

“தம்பி! வேண்டாம்!” சரஸ்வதி அம்மா என் தோளைக் கிள்ளினார். “அதுதான் அவை. போட்டோவில பாத்தனான். கதைச்சுப் போடாதையும்!”

காருக்குள் பார்த்தேன். ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்தபடி ஒரு இளைஞன். அவன்தான் மாப்பிள்ளை, ரவீந்திரன். பக்கத்தில் அவனுடைய தாய், மடியில் பூசைத் தட்டோடு. அவர்களும் எங்களை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்பது அந்த அம்மா திடீரென்று மதிலை ரசிக்கத் தொடங்கியதில் தெரிந்தது. எங்கள் வானில் எல்லாரும் ரயில் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முச்சக்கரவண்டிக்காரன் ஹோர்னை அமுக்கினான். “மல்லி, பொட்டக் இன்ன,” என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கத்தினேன்.

நான் ரிவர்ஸில் போய்விட்டால் சரி. அதற்காகத்தான் கியரைப் போட்டேன். ஆனால் ரவீந்திரன் முந்திக்கொண்டான். வேறு எந்த வானாக இருந்தாலும் அவன் அசையாமல் நின்றிருப்பான். பெண் வீட்டு வானாயிற்றே, வழி விடாமல் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று மரியாதை பார்த்து, காரை இடது பக்கம் ஒதுக்கினான். முன் சில்லு கானுக்குள் இறங்கியது. கார் மூக்குக் குத்தி ஒரு பக்கம் சரிந்தது. பூசைத் தட்டிலிருந்த தேங்காய் உருண்டு போனதை நான் கண்ணால் கண்டேன்.

3. கயிறு

அந்த இரண்டு வாகனத்திலும் எவருக்கும் சொந்தமில்லாதவன் நான் ஒருவன்தான். அதனால் கதைக்கக்கூடியவனும் நான்தான். இறங்கிப் போய்ப் பார்த்தேன். சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. முன்னாலிருந்து வான் ரிவர்ஸில் இழுக்க வேண்டும், அதே நேரம் பக்கத்திலிருந்து ஆட்கள் தூக்க வேண்டும். கடை வான் என்பதால் மூட்டை கட்டுகிற கயிறு உள்ளே கிடந்தது. இரண்டு வாகனத்தையும் பிணைத்தேன். காஸ் லொறிக்காரனும் முச்சக்கரவண்டிக்காரனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

“டிரைவர் தம்பி, எங்கட கார் புதுசு,” என்றார் காரை விட்டு இறங்கியிருந்த மாப்பிள்ளையின் தாய், மதிலைப் பார்த்தபடியே. “இழுத்துப் பிச்சுப் போடாதையுங்கோ.”

கணக்குப் பார்த்தால் ஆள் காணாது. ரவீந்திரன் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். தூக்குகிற இடத்தில் மூன்று பேராவது வேண்டும், அதில் ஒருவன் எப்போது தூக்குவது என்று தெரிந்தவனாக, அதாவது நானாக, இருக்க வேண்டும். அப்படியானால் வானை யார் எடுப்பது? மகாலிங்கத்தார் தன் கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கோயில் வாசலில் ஐயர் வந்து கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். இன்றைக்குப் பார்க்காமல் நடை சாத்தினால் தடங்கல் என்று சொல்லி இந்தச் சம்பந்தத்தையே கைவிட்டுவிடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

வானின் பின் கதவு திறந்தது.

“பிள்ளை, இறங்காத!” சரஸ்வதி அம்மாவின் குரல் தணிந்திருந்தாலும் எனக்குக் கேட்டது.

“அம்மா, நடை சாத்தப் போகினம்,” என்றாள் வத்சலா. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். “நான் எடுக்கிறன் அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ.”

தாயும் தகப்பனும் இறங்கி மதிலோரம் நிற்க, நான் கானுக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று, “இப்ப!” என்றேன். வான் துள்ளவில்லை. கயிறு மெல்ல மெல்ல விறைத்தது. கிளச்சைப் பாதியில் பிடித்து, ஒரு நூல் விலகாமல், குழந்தையை நித்திரையில் தூக்குவதைப் போல இழுத்தாள். நாங்கள் மூவரும் தம் பிடித்துத் தூக்கினோம். சில்லு கானின் விளிம்பில் ஏறி, ஒரு தரம் வழுக்கி, பிறகு தரையில் உட்கார்ந்தது. லொறிக்காரன் கை தட்டினான். கயிற்றை அவிழ்த்ததும், அவள் அந்த ஒழுங்கையில் ரயில் பாதை வரைக்கும் ஒரே நேராக ரிவர்ஸில் போய் வழி விட்டாள். துறைமுகத்தில் எத்தனையோ டிரைவர்மாரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ரிவர்ஸ் கண்டதில்லை.

மாப்பிள்ளையின் தாய் இப்போது மதிலைப் பார்க்கவில்லை. வானைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அந்த முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கார் கோயில் வாசலுக்குள் ஒதுங்கி நிற்க, எல்லாரும் கோயிலுக்குள் போய் மறுபடியும் தெரியாத ஆட்களானார்கள். ரவீந்திரன் இறங்கி பம்பரின் அடியைக் குனிந்து பார்த்ததில் காற்சட்டையெல்லாம் சேறு. வத்சலாவின் சேலைத் தலைப்பு இன்னும் இடுப்பில். ஐயர் தீபத் தட்டோடு வந்து, “நீங்கள் எல்லாரும் ஒரே ஆக்களோ?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றார்கள் இரண்டு தாய்மாரும் ஒரே குரலில்.

4. காலி வீதி வாயில்

திரும்ப வானுக்கு வந்தபோது நான்தான் ஸ்டியரிங்கில் இருந்தேன். வத்சலா பின்னால்.  ஒழுங்கையில் பாதித் தூரம் வந்ததும் சரஸ்வதி அம்மா அழத் தொடங்கினார்.

“எல்லாம் போச்சு. மறைச்சு மறைச்சுக் கொண்டுவந்து, அவையின்ர கண்ணுக்கு முன்னாலயே காட்டிப்போட்டம்.”

“எனக்கு வேற வழி தெரியேல்ல அம்மா,” என்றாள் வத்சலா.

“நீ பேசாத.” கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு அம்மா என்னிடம் கேட்டார். “தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் இழுத்திருந்தா அந்தக் கார் அப்பிடி வந்திருக்குமே?”

“வந்திருக்கும் அம்மா. ஆனா பம்பர் கயித்தோட வந்திருக்கும்.”

மகாலிங்கத்தார் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மகள் வாகனம் ஓடுவதை அவர் அன்றைக்குத்தான் வெளியே நின்று பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு காலமும் உள்ளே இருந்து பயந்துகொண்டே வந்தவர்தானே.

காலி வீதி வாயில் வந்தது. பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கார்.

“தம்பி, ஓரமா நிப்பாட்டும்,” என்றார் அம்மா. “பிள்ளை, முன்னுக்குப் போ.”

வத்சலா அசையவில்லை. “அம்மா, அவை பின்னால வருகினம்.”

“வரட்டும். பாக்கட்டும். கலியாணம் முடிச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லப்போறதை இண்டைக்கே சொல்லட்டும். ஏறு.”

நான் இறங்கி இடம் விட்டேன். வத்சலா பூவைச் சரி செய்யவில்லை, கண்ணாடியைத்தான் சரி செய்தாள். இடது பக்கம் திரும்பி, இரண்டு பஸ்களுக்கு நடுவில் வானை நுழைத்து, பம்பலப்பிட்டிப் பக்கம் எடுத்தாள். நாள் கூலிக்கு வந்த டிரைவர் நான் பக்கத்தில் இருந்து, “நேர போங்க தங்கச்சி, லைட்டடியில மெதுவா,” என்று வழி மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். வெள்ளைக் கார் கொஞ்ச தூரம் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. பிறகு காணவில்லை.

அன்று நான் பழகிக்கொண்டது ஒன்று உண்டு. அதன் பிறகு பாலத்தடியில் யாருடைய சாவியை வாங்கினாலும், இவ்வளவு தூரம் ஓடி வந்தவருக்கு இந்த நகரத்திலும் ஓட விருப்பமா என்று முதலில் கேட்பேன். விருப்பம் என்றால் நான் பக்கத்து ஆசனத்தில் ஏறிக்கொள்வேன். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் கொழும்பு யாரையும் கடிப்பதில்லை. என் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் ஏசினார்கள். கெடவில்லை. வழி சொல்லக் கூப்பிட்டவர்கள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பதிலுக்குக் கண்டியில் இருந்தவர்களைப் போலவே நானும் காத்துக் கிடந்தேன் என்றால் நம்புவீர்களா? கடைசியில் எங்கள் தெருவில் இருந்த தொலைபேசிக் கடைக்கு எனக்கு அழைப்பு வந்தது. மறுமுனையில் சரஸ்வதி அம்மா.

“தம்பி, பொம்பிளையைப் பிடிச்சிருக்காம். நாள் பாத்து நிச்சயம் பண்ணக் கண்டிக்கு வருகினமாம்.”

“நல்லது அம்மா! எப்ப வருகினம்?”

“அதுதான் கேளும். மாப்பிள்ளையின்ர தாய் தரகரிட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறா. கடுகண்ணாவை வளைவில என்ர மகனை நம்பி நான் ஏறமாட்டன், பிள்ளையை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ எண்டு.”

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பெண்ணே வந்து ஏற்றிப்போவதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. இந்த அம்மா அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“என்ன சொல்லுறது, தம்பி?” என்றார் சரஸ்வதி அம்மா. “வாறாள் எண்டு சொன்னன்.”