பேக்கப் சார் சொன்ன சரி

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பேக்கப் சார். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. யார் எந்த வேலையைத் தொடங்கினாலும் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "பேக்கப் எடுத்தாச்சா?" என்று கேட்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவனிடம்கூடக் கேட்டார் என்று அடுத்த இருக்கைப் பெண் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கேட்டாரோ இல்லையோ, கேட்கக்கூடிய ஆள்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. மற்றவர்கள் எழுதும் இணையச் செயலிகளை சர்வரில் ஏற்றி, விழாமல் ஓட வைப்பது. இப்போது அதற்குக் கன்டெய்னர் என்று ஒன்று வந்திருக்கிறது. செயலியையும் அது ஓடத் தேவையான சகலத்தையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். எந்தக் கணினியில் வைத்தாலும் ஓடும். செயலியில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், பழைய பெட்டியை அழித்துவிட்டுப் புதுப் பெட்டி வைக்க வேண்டும். "பெட்டி இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. தொலையக்கூடாததை அதுக்குள்ள வைக்காதீங்க. வெளியில ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வைங்க" என்பது அவர் ஓயாமல் ஓதும் மந்திரம். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில் பேச்சு என்றால் மனைவிதான். அவர் 'ம்' கொட்டுகிற ஆள். "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்?" என்று அவள் திடீரென்று நிறுத்திக் கேட்பாள். முழிப்பார். "சுவர்கிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்வாள். மறுபடி சொல்வதில் அவளுக்குச் சலிப்பே இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தொண்டையில் நோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். சிலருக்கு வரக்கூடாத இடம் பார்த்துத்தான் நோய் வருகிறது. இதில் எந்த நியாயத்தைத் தேடுவது?

கைபேசியில் தட்டி எழுத அவளால் முடியவில்லை. விரல்கள் வீங்கி நடுங்கின. நோட்டில் எழுதினால் அவளுக்கே புரியவில்லை. அவர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சின்னதாக ஒரு செயலி எழுதினார். ஒரே ஒரு பக்கம். மேலே உள்ளங்கை அகலத்துக்கு நான்கு பொத்தான்கள்: தண்ணீர், வலி, வாங்க, போர்வை. கீழே எழுத ஒரு கட்டம், பெரிய பெரிய விசைகள். பழைய டேப்லெட் ஒன்றைக் கட்டிலோர மேசையில் சாய்த்து வைத்தார். வீட்டில் சும்மா கிடந்த சிறு கணினியில் செயலியைப் பெட்டிக்குள் போட்டு ஓடவிட்டார். அவள் எழுதி அனுப்பினால் அலுவலகத்தில் அவர் திரையின் ஓரத்தில் மணி அடித்து முதல் வரி தெரியும். தொட்டால்தான் மீதி வரும்.

எழுதியதெல்லாம் போய்ச் சேருமிடம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு கோப்பு. வெளியே ஃபோல்டர் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அவள் காத்துக்கொண்டிருந்தாள், முதலில் ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். நடுவில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. பெட்டி நின்று, மறுபடி ஓடியது. ஒன்றும் தொலையவில்லை. நிறுத்தினால் தொலையாது, அழித்தால்தான் தொலையும். ஒன்பது வாரம் ஓடியதில், போட வேண்டிய ஃபோல்டர் அடியோடு மறந்துபோயிற்று.

முதல் முதலில் அவள் எழுதியது, "சத்தம் போடாம சாப்பிடுங்க" என்பதுதான். பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துப் புரையேறி, கடைசியில் அழுதுவிட்டார்.

பத்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அவள் கண்ணைச் சுருக்கிக் காட்டினாள். மருந்தின் வேலை, பார்வை மங்கியிருந்தது. "மத்தியானத்துக்குள்ள பெருசாக்கிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், அங்கிருந்தே வீட்டுக் கணினிக்குள் நுழைந்து, அந்த வேலையில் இறங்கினார். எழுத்தைப் பெரிதாக்கிப் புதுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. ஓரத்தில் முதல் வரி: "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படாம முழுசாப் படிங்க." நீளமான செய்தி என்பது தெரிந்தது. இதோ முடிந்துவிட்டது, முடித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம், அதுவும் பெரிய எழுத்தில் படிக்கலாம் என்று நினைத்தார். பழைய பெட்டியை அழித்தார். புதியதை ஓடவிட்டார். பக்கத்தைத் திறந்தார்.

பொத்தான்களின் எழுத்து பெரிதாக, அழகாக வந்திருந்தது. கீழே அவள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

பக்கத்தை மூடி மூடித் திறந்து பார்த்தார். "சார், என்ன ஆச்சு?" என்று அடுத்த இருக்கைப் பெண் எழுந்து வந்தாள். அவர் திரையைக் காட்டினார். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரிடம் வேலை கற்றவள்தான். இருவரும் சாயங்காலம்வரை தோண்டிப் பார்த்தார்கள். அழித்தது அழிந்ததுதான். 'பேக்கப்' என்ற சொல்லை அன்றைக்கு அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

நடந்ததைச் சொல்லி, இன்னொரு முறை எழுதச் சொல்லிக் கேட்பது என்ற முடிவோடுதான் வீட்டுப் படி ஏறினார். பகலில் பார்த்துக்கொள்ளும் நர்சம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து எழுதிட்டே இருந்தாங்க சார். மூணு மணி நேரம். பால்கூடக் குடிக்கல. என்ன எழுதுறீங்கன்னு கிட்டப் போனா கையை வெச்சு மறைச்சிக்கிட்டாங்க. அனுப்பிட்டு அப்படியே சாய்ஞ்சவங்கதான்."

உள்ளே போனார். கட்டிலில் துணி மாதிரி கிடந்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. அவரைப் பார்த்ததும் உதடு அசைந்தது. படிச்சீங்களா?

சொல்ல வந்ததை மென்று விழுங்கினார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கோவமா?

"இல்லம்மா."

சரியா?

"சரி" என்றார்.

அவள் அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு எவனால் வாயைத் திறக்க முடியும்? கோழைத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் அன்பும் பாதி இருந்தது, அதனால்தான் அவ்வளவு சுலபமாக நடந்துவிட்டது.

மறுநாள் நைசாகத் தூண்டில் போட்டுப் பார்த்தார். "அதை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். அவள் கையை மேலே காட்டினாள். நான் போன பிறகு. அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஓடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு அவர் செய்ததையெல்லாம் பார்த்துச் சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பதினோரு வருஷமாக முகத்தில் முழிக்காத அண்ணன் வீட்டுக்குத் தானே போனார். "வாடா" என்று அண்ணன் கதவை அகலத் திறந்தார். இவர் சிகரெட்டை விட்டார். அவள் புடவைகளை அவள் தங்கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். கோபம் வரும் என்று பயந்து அவள் என்னவெல்லாம் கேட்டிருப்பாள் என்று யோசித்து, தோன்றியதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார். "பெண்டாட்டி போனதும் மனுஷன் தங்கமாயிட்டார்" என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கோ ஒவ்வொன்றைச் செய்து முடிக்கும்போதும், இது இல்லை, இது இல்லை என்றே பட்டது. இதுவாகவே இருந்தாலும் இதுதான் என்று சொல்ல ஆளில்லை.

ஒரு மாதம் கழித்து மகள் ஊருக்குக் கிளம்பத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சட்டையோடு நிமிர்ந்தாள்.

"அப்பா, ஆஸ்பத்திரியில அம்மா என் உள்ளங்கையில விரலால எழுதினாங்க. அப்பாகிட்ட ஒண்ணு கேட்டேன், சரின்னுட்டார், அப்பாவே உன்கிட்ட சொல்வார்னு. ஒரு மாசமா நீங்க சொல்வீங்கன்னு பார்த்துட்டே இருக்கேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இதற்கும் ஒரு பொய் சொல்லலாம். அண்ணனோடு பேசச் சொன்னாள் என்றால் முடிந்தது. அவரால் முடியவில்லை. ஃபோல்டர் போடாததிலிருந்து தலையை ஆட்டியதுவரை எல்லாவற்றையும் சொன்னார். மகள் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள்.

"நான் அம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். அப்பாகிட்ட நானே பேசுறேன்னாங்க. ஒருவேளை அதுதானோ என்னமோ" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் துள்ளி எழுந்தார். "அதுதாம்மா! அதுவாத்தான் இருக்கும். எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம். சரிம்மா, சரி."

மகள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"என்ன விஷயம்னே நீங்க கேக்கலையேப்பா."

அவர் மறுபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சொல்லும்மா" என்றார்.

மகள் பெட்டியை மூடினாள்.

"எழுதி அனுப்புறேன்ப்பா. படிச்சிட்டுச் சொல்லுங்க."