பதினோராம் பக்கத்துப் புயல்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். நடத்துவது நான். ஆடுவது இரண்டு பேர்: கணக்கு வாத்தியாரான என் கணவர், எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். அவள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்.

நான் பல வருஷம் மாவட்ட நிருபராக இருந்தவள். யார், எங்கே, எப்போது என்று தெரியாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. விளையாட்டுக்கும் அப்படித்தான். கோட்டைக் காவலாளிக்கு எந்தக் கால் நொண்டி என்பது வரை எழுதிவைத்துவிடுவேன்.

"பரீட்சைக்குக்கூட நான் இம்புட்டு எழுதுனதில்ல," என்பார் கணவர். "நாங்க அங்கிட்டுப் போயிட்டா என்ன செய்வ?"

"அங்கிட்டும் எழுதி வச்சிருக்கேன்."

அந்த வாரம் பதினான்கு பக்கம் வந்திருந்தது. பதினோராம் பக்கத்தில் புயல். அவளுடைய பாத்திரத்தின் அண்ணன்மார் போன படகு அதில் சிக்கும். அதை நான் எழுதியது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை, எல்லை தாண்டியதாகச் சொல்லி அவள் கணவரையும் கூட இருந்த மூன்று பேரையும் படகோடு அக்கரையில் பிடித்துவைத்துவிட்டார்கள்.

இந்த மாதிரிச் செய்தி எத்தனையோ எழுதியிருக்கிறேன். படகு இத்தனை, ஆள் இத்தனை, எந்தத் தேதி வரை காவல். நாலு வரியில் முடிந்துவிடும். இந்த முறையும் அந்த நாலு வரிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள்.

"தனியா ஒக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்க முடியலக்கா. வெளையாடுவோம்."

பதினோராம் பக்கத்தைத் தாண்டிவிட்டு, படகை நல்லபடியாகக் கரை சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "தூரத்துல ஒரு படகு தெரியுது," என்று ஆரம்பித்தேன்.

"வேணாங்க்கா. வெளையாட்டுல வந்துட்டா நெசத்துல வராமப் போயிருமோன்னு பயமா இருக்கு. சிரிக்காதீங்க." யாரும் சிரிக்கவில்லை. "புயலும் வேணாம். தலைப்பப் பாத்துட்டேன்."

சிவப்பு மையில் நானே அடிக்கோடு போட்டிருந்தேன்.

படகு மூழ்கக் கூடாது, வரவும் கூடாது. அதற்கு என்னிடம் பக்கம் இல்லை.

"அப்ப அவங்க கடல்ல என்ன செய்றாங்க?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "சமைக்கிறாங்க."

"என்ன சமையல்?" என்றாள் அவள்.

"மீன் கொழம்பு. சங்கரா."

"சங்கரா விக்கிறதுக்குக்கா. படகுல ஆக்குறது பொடி மீனு." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பெரியண்ணன்தான் ஆக்குது. புளிய அள்ளிப் போட்டுருச்சு. மத்த மூணு பேரும் வையிறாங்க. 'வச்சதத் தின்னுங்கடா'ங்குது. வீட்டுலயும் இதே கொழம்புதான்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "சோறு வெந்துருச்சா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு ஐந்து ஞாயிறு அந்தப் படகு நின்ற இடத்திலேயே நின்றது. நடுவில் இரண்டு முறை காவலை நீட்டினார்கள். அந்த வாரங்களில் நான் ஒரு பக்கமும் எழுதவில்லை. என்ன சமையல் என்று கேட்பேன், அவள் சொல்வாள்.

"என் வாளு துருப்புடிச்சிரும் போலருக்கே," என்றார் விளையாட்டில் போர்வீரனாக வரும் என் கணவர் ஒருநாள்.

"அதுல வெங்காயம் நறுக்குங்கண்ணே."

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அவளோடு அவள் கணவரும் இறங்கி வந்தார். விடுதலையாகி வெள்ளிக்கிழமைதான் வீடு வந்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல, "படகுல இன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆக்குனது போதும்க்கா. அந்தப் பதினோராம் பக்கத்த எடுங்க," என்றாள் அவள்.

"புயலா?" என்றார் என் கணவர்.

"ஆமாண்ணே. வரட்டும், பாத்துக்கிறலாம்."

பழைய தாள்களைத் தேடி எடுத்து வந்தேன். அதற்குள் அவள் பகடையைத் தன் கணவரின் உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன விழணும்?" என்று கேட்டார்.

"எது விழுந்தாலும் சரி," என்றாள். "உருட்டுங்க."