ஆடியில் வெட்டிய சங்கங்குப்பி வேலி

அடைக்கலம் பயந்த சுபாவம் உடையவன். இதை ஊரார் அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவனும் ஒருநாளும் மறுத்ததில்லை. சமஸ்தானத்து அரிமளத்துக்குப் பக்கத்தில் செம்மண் பூமியில் பிறந்தவன். மழை பொய்த்த ஓர் ஆண்டில் மனைவி மருதாயியை அழைத்துக்கொண்டு கிழக்கே நடந்து, கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு தென்னந்தோப்பில் வேலி காக்கும் வேலையில் அமர்ந்தான்.

தோப்பு ஹாஜா முகைதீனுக்குச் சொந்தமானது. அவர் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கப்பலேறி ஊருக்கு வருவார். தோப்பையும் அதன் நடுவிலிருந்த வீட்டையும் அவருடைய மனைவி ரம்லத் பீவியே நிர்வகித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் பேசுவார். முற்றத்தில் நின்று அடைக்கலம் கேட்டுக்கொள்வான். அந்தக் குரலில் அதட்டல் இராது. ஆனாலும் குரல் எழுந்தவுடன் அவன் தோளிலிருக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும்.

வேலி போடுவது அவன் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. தன் ஊர் வழக்கப்படி முதலில் கிளுவைக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி நட்டான். உப்புக்காற்றில் அவை துளிர்த்த இடத்திலேயே கருகின. அடுத்து நட்ட கொடுக்காப்புளிக் கன்றுகளை ஆடுகள் மேய்ந்து தீர்த்தன. மூன்றாம் முறை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் முற்றத்தில் வந்து நின்றபோது, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"மீமிசல் கழியோரத்துல சங்கங்குப்பி காடாக் கெடக்குதே, அதை வெட்டியாந்து வச்சுப் பாரு. உப்புத் தண்ணியிலேயே நிக்கிற செடிக்கு உப்புக்காத்து என்ன செய்யும்?"

அப்படியே செய்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் முழ நீளக் குச்சிகளைச் சாய்வாக மணலில் புதைத்து, இரண்டு கணு மட்டும் வெளியே தெரியுமாறு இரட்டை வரிசையாக நட்டான். அவை பிடித்துக்கொண்டன. கொடிபோல் நீண்ட கிளைகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டான். சில ஆண்டுகளில் தோப்பைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பச்சைச் சுவர் எழுந்தது. இலை தடித்துப் பளபளவென்றிருக்கும்; கசப்பு மிகுதியால் ஆடு வாய் வைக்காது. கோடையிலும் உதிராது. வெள்ளைப் பூவிலிருந்து சிவந்த இழைகள் மீசைபோல் நீண்டிருக்கும். வீட்டுக்குக் கிழக்கே, வேலிக்குப் பத்தடி உள்ளே, மண் வளையங்களை அடுக்கிய உறைக்கிணறு ஒன்று இருந்தது. வேலிக்கு அப்பால் மீனவர்கள் கடலுக்குப் போய்வரும் தடம். வேலி அடர்ந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் பகலில் தயக்கமின்றிக் கிணற்றடிக்கு வரத் தொடங்கினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு வேலி அடிப்பக்கம் வெளுத்து, மேலே மட்டும் தழைத்து நின்றது. அரிமளத்துப் பக்கம் வேலியை ஆடி பிறந்ததும் அடியோடு வெட்டுவார்கள். ஆவணியில் இடிமழை பெய்யும். வெட்டிய கட்டையெல்லாம் புதர்போலத் தழைத்துவிடும். அடைக்கலமும் ஆடி பிறந்ததும் அரிவாளைத் தீட்டிக்கொண்டு கிழக்கு வேலி முழுவதையும் முழங்காலளவுக்கு வெட்டித் தள்ளினான். கடற்கரையில் ஆவணி மழையை நம்ப முடியாது, ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும் என்பது அவன் நினைவுக்கே வரவில்லை. அத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தும் அவன் கை மட்டும் அரிமளத்திலேயே இருந்தது.

வெட்டி முடித்த வாரத்திலேயே தந்தி வந்தது. பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து கல்கத்தா வந்து சேர்ந்த ஹாஜா முகைதீன், அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டார்.

வீட்டில் எழுந்த அழுகையைக் கேட்டு அடைக்கலமும் தோப்பின் மூலையில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் எதிரே மொட்டையாய் நின்ற வேலி கண்ணில் பட்டது.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பதை அவர்கள் 'இத்தா' என்பார்கள். வெளியாள் பார்வை பட்டால் இத்தா கெட்டுவிடும், மறுபடியும் முதலிலிருந்து இருக்க வேண்டும் என்று அடைக்கலத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது சரிதானா என்று விசாரிக்கக்கூட அவனுக்குத் துணிச்சல் இல்லை. இப்போது தடத்தில் போகும் எவரும் தலையைத் திருப்பினால் போதும். கிணற்றடியும் கொல்லை வாசலும் பளிச்சென்று தெரியும்.

ஹாஜா முகைதீனின் தம்பி ஜெய்னுலாப்தீன் அடுத்த வீட்டில் இருந்தார். அவரும் அண்ணன் மனைவியின் முன்னால் வரக்கூடாதவர். ஆகையால் தம் மனைவி ஹமீதா பானுவைத் துணைக்கு அனுப்பிவிட்டு, வேலியைப் பார்க்க வந்தார். வெட்டுண்ட கட்டைகளை ஒட்டி ஒருமுறை நடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எங்க மச்சி கிணத்தடிக்கு வரமுடியாம அறைக்குள்ள வேகுறாங்க. அவுங்க மேல ஒருத்தன் கண்ணு பட்டாலும் அது ஒன் அருவா செஞ்ச வேலைன்னுதான் நான் எடுத்துக்குவேன். வேலி தழையிற வரைக்கும் தோப்புக்குள்ள ஒன் தலை நிமிரக்கூடாது, அடைக்கலம்."

"சரிங்க மொதலாளி" என்றான் அடைக்கலம், மணலைப் பார்த்தபடி.

தென்னங்கீற்றுகளை முடைந்து வரிசையாகத் தட்டி கட்டினான். ஆடிக்காற்று அவற்றை மறுநாளே பிய்த்து அலைவாய்க்கரையில் எறிந்தது. மூங்கிலை ஆழமாக ஊன்றி மீண்டும் கட்டினான். மணல் இளகி மூங்கிலோடு சாய்ந்தது. தடத்தில் வலையைச் சுமந்து போன மீனவன் நாகராசு நின்று பார்த்தான்.

"என்ன மச்சான், வேலிக்கு மொட்டை போட்டிருக்கே? எந்தச் சாமிக்கு நேத்தி?"

மற்றொரு நாளாயிருந்தால் அடைக்கலமும் சிரித்திருப்பான். அன்று அவன் குனிந்தபடியே, "அங்கிட்டுப் பாத்துப் போப்பா, ஒனக்குக் கோடிப் புண்ணியம்" என்று கெஞ்சினான். நாகராசுக்கு விஷயம் புரியவில்லை; ஆனாலும் மச்சானுடைய குரலின் நடுக்கத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு நடந்தான்.

தடத்தைச் சில மாதங்களுக்கு மாற்றிக்கொள்ளும்படி மீனவர்களைக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று அடைக்கலத்துக்குத் தோன்றாமல் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர் ஜெய்னுலாப்தீன். முந்தைய ஆண்டுதான் அவருக்கும் மீனவர்களுக்கும் படகு நிறுத்தும் இடத்தைப் பற்றி வாய்ச்சண்டை நடந்திருந்தது. அவர்களிடம் போய் நிற்க அவர் மனம் இடம் தரவில்லை. அதை அவரிடம் சொல்ல அடைக்கலத்துக்கு நெஞ்சம் துணியவில்லை. மருதாயி இருந்தாலாவது அவள் வாயால் சொல்லச் செய்யலாம். அவள் பிள்ளைப்பேற்றுக்காக அரிமளம் போயிருந்தாள்.

எனவே எல்லாம் அந்தக் கட்டைகளின் பொறுப்பாயிற்று. தென்னை மட்டையைக் கிழித்து அடியில் பரப்பினான். விடிந்ததும் கிணற்று நீரை இறைத்து ஒவ்வொரு கட்டைக்கும் ஊற்றினான். கணுக்களில் ஊசிமுனைபோல் பச்சை எட்டிப் பார்த்தபோது அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. மூச்சு விடவே பயந்தான். பிற்பகலில் கடற்காற்று எழும். அதன் பிறகு துளிர்களைத் தொட்டு விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். முழுவளர்ச்சி பெற்ற சங்கங்குப்பி உப்பைத் தாங்கும். பச்சைப்பிள்ளைத் துளிர் தாங்குமா? அவனுக்குத் தெரியவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு துளிரையும் துடைத்தான். துடைத்ததிலேயே சில முறிந்தன. முறிந்தவற்றைக் கண்டதும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் நோக்க நினைத்து, தலை நிமிரக்கூடாது என்பது நினைவுக்கு வர, அப்படியே மணலில் அவற்றைப் புதைத்தான்.

ஆவணி பிறந்தது. மேகம் மேற்கே கருத்தது, மேற்கிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஊர் ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். மீனவர்களும் அந்த நேரத்தில் உறங்குவார்கள். அடைக்கலம் குடிசைக்குச் சோறுண்ணப் போவது வழக்கம். ஆனால் அந்த வெள்ளியன்று காற்று முன்னதாகவே எழுந்துவிட்டதால் துளிர்களை விட்டுப் போக மனமில்லாமல், வேலியின் தென்கோடியில் குந்தி ஈரத்துணியோடு இருந்தான். ஹமீதா பானு ஏதோ வேலையாகத் தம் வீட்டுக்குப் போயிருந்தார்.

கொல்லைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அடைக்கலம் உறைந்தான். எழுந்து ஓடினால் தான் இருப்பது தெரிந்துவிடும், இருமினாலும் தெரிந்துவிடும். முகத்தை முழங்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டான். ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி ஒருமுறை ஏறியது. மறுமுறை இறங்கியது. பிறகு ராட்டினம் கட்டுக்கடங்காமல் சுழன்றது. கனமான ஏதோ ஒன்று நீரில் விழுந்தது.

அலறல் கேட்கவில்லை. அதுதான் அவனைக் கிலி பிடிக்கச் செய்தது. நீர் உறையில் மோதும் சளப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கூவினால் ஆண்கள் ஓடி வருவார்கள் என்று அஞ்சி, கிணற்றுக்குள் விழுந்த ரம்லத் பீவி வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்குப் புரிந்தது.

தானும் கூவக்கூடாது. கூவாமல் இருக்கவும் கூடாது. மணலைப் பார்த்தபடியே நடந்து, கால் உறையில் இடிக்கும் வரை போனான். கிணற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"அம்மா" என்றான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடியும், "அம்மா, அடைக்கலம் நிக்கிறேன்."

சளப்புச் சத்தம் நின்றது. உள்ளிருந்து குரல் வந்தது.

"நீ சோத்துக்குப் போகலையா?"

"இல்லைங்கம்மா."

"பாக்காதே."

"பாக்கலம்மா. கடல் மேல ஆணை. கயிறு கையில இருக்கா?"

"இருக்கு. தண்ணி கழுத்து வரைக்கும் நிக்குது. கால் மணல்ல எறங்குது, அடைக்கலம்."

கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றி முடிபோடச் சொன்னான். வாளியின் மேல் காலை ஊன்றிக்கொள்ளச் சொன்னான். கையைப் பின்னால் நீட்டித் துழாவி, ராட்டினத்திலிருந்து வரும் கயிற்றைப் பற்றித் தன் இடுப்பில் இருமுறை சுற்றினான். அரிமளத்தில் கவலையேற்றத்தில் நீர் இறைக்கும் மாடு கிணற்றுக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தில் இறங்கும். நீர் மேலே ஏறும். மாடு திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் முன்னால் குனிந்து ஓர் அடி வைத்தான். மணல் கால்விரல்களை விழுங்கியது. இன்னோர் அடி. கயிறு வயிற்றை அறுத்தது. எதிரே வெட்டுண்ட வேலிக்கட்டைகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் மேல் கண்ணை நிறுத்திக்கொண்டு இழுத்தான். ராட்டினம் தாங்குமா, முடி அவிழுமா, தடத்தில் யாராவது வந்துவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று பயங்களும் ஒரே நேரத்தில் வந்தன.

"பிடிச்சுட்டேன்" என்றது குரல், இப்போது மேலிருந்து. சற்றுப் பொறுத்து, "விட்டுரு."

அவன் கயிற்றை விட்டான். ஈரத்துணி மணலில் இழுபடும் ஓசையும் கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டன. அவன் வேலிக்கட்டையைப் பார்த்தபடியே நின்றான்.

தொழுகை முடிந்து வந்த ஜெய்னுலாப்தீன் அவனை அப்படித்தான் கண்டார். அதற்குள் ஹமீதா பானு திரும்பி வந்து, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டு அறிந்து, வாசலில் கணவரை நிறுத்திச் சொல்லியிருந்தார். ஜெய்னுலாப்தீன் நேராகக் கிணற்றடிக்கு வந்தார்.

"பாத்தியா?" என்றார்.

"இல்லைங்க."

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு."

"எனக்குச் சொல்லத் தெரியலைங்க மொதலாளி. பாக்கலைங்க."

தன்னை யாரும் நம்பப் போவதில்லை என்றே அவன் முடிவு செய்திருந்தான். பிள்ளைத்தாய்ச்சி மனைவியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று மனம் அப்போதே அரிமளத்துச் சாலையில் நடக்கத் தொடங்கியிருந்தது.

ஜெய்னுலாப்தீன் கீழே பார்த்தார். உறையடியிலிருந்து வேலி வரை மணலில் காலடிகள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் கால்விரல்கள் ஆழப் புதைந்து, குதிகால் படாமல், கிழக்கு நோக்கியே போயின. ஓரிடத்திலும் பாதம் திரும்பியிருக்கவில்லை. அவர் அந்தச் சுவடுகளை ஒட்டி நடந்து அடைக்கலம் நின்ற இடம் வரை வந்தார். அவன் வயிற்றைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மொட்டை வேலியைத் தாண்டித் தடத்தில் இறங்கி, மீனவர் குப்பத்தை நோக்கி நடந்தார். கோபமாகப் போகிறாரோ என்று அடைக்கலம் கலங்கினான். நெடுநேரம் கழித்துத் தொலைவில் நாகராசின் குரல் கேட்டது: "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஆகாதா மரைக்காரே? எங்க வீட்லயும் பொம்பளைக இருக்காக. நாளையிலேருந்து வடக்கால போறோம்."

அதைக் கேட்ட பிறகுதான் அடைக்கலம் மணலில் உட்கார்ந்தான். காற்று வலுத்துக்கொண்டே வந்தது. துளிர்களின் மேல் உப்புப் பூத்திருக்கும். அவன் கையை ஊன்றி எழுந்து, கிணற்றை அணுகி, கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று காதால் உற்றுக் கேட்டு உறுதி செய்துகொண்ட பின், துளிர்களைக் கழுவ வாளியை இறக்கி நீர் இறைத்தான்.