கம்பளிக்காரி விழுந்த கிணறு

"கரடி நடமாடுற இடத்துல எப்படிம்மா பிள்ளை குட்டி பெத்து வளத்தீக?" என்று மதுரையில் என் மகள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். நல்லாத்தான் வளத்தேன் என்று சொன்னால் நம்புகிறதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து மெள்ளத்தான் வரும். ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெத்தலை சாறு இறங்கிப் போகும். அவசரம் ஒன்றுமில்லை.

நான் பிறந்தது திருவாதவூர்ப் பக்கம். கண்மாய், வயல், வயலில் கொக்கு. மலை என்றால் ஆனைமலைதான், அதுவும் தூரத்தில் படுத்துக் கிடக்கும் மொட்டைப் பாறை. வாழ்க்கைப்பட்டது திருமங்கலத்துக்கு மேற்கே, மலையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன ஊரில். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் எங்கள் மிளகாய்க் கொல்லை, அதற்குள் கிணறு, அதைத் தாண்டினால் இலுப்பை மரங்கள், அப்புறம் மலை. எங்கள் கொல்லைக்கும் மலைக்கும் நடுவில் வேறு ஆள் கிடையாது.

அந்த வீட்டில் மாமனார், எங்க வீட்டுக்காரர், அவருக்கு இளையவரான என் கொழுந்தன், அவர்கள் ரெண்டு பேருக்கும் மூத்த என் நாத்தனார். நாத்தனார் புருஷன் செத்து, பிறந்த வீட்டோடு வந்து இருந்தவர். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் நீளம். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

இலுப்பைப் பூ பொறுக்க முதல் தடவை என்னைக் கூட்டிப் போகும்போதுதான் சொன்னார்:

"இங்கன கரடின்னு வாயத் தொறந்து சொல்லாத. கம்பளிக்காரின்னு சொல்லு."

"சொன்னா என்ன மதினி?"

"கூப்புட்டாகன்னு நெனச்சு வந்து நிப்பா. வந்தவளுக்கு என்ன குடுப்ப, உங்க ஊருக் கொக்கா?"

பங்குனியில் இலுப்பைப் பூ ராத்திரியெல்லாம் கொட்டும். கொட்டுகிற பூ முதலில் கம்பளிக்காரிக்கு. வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் நாங்கள் போவோம், அதுவும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு. அவள் தின்று மிச்சம் வைத்ததே எங்களுக்குப் பெட்டி நிறையும். ஒரு நாள் தட்டின சத்தத்துக்கு அவள் எழுந்து போகிறதைப் பார்த்தேன். முதுகில் அம்புட்டு மயிருக்குள்ளே ஒரு குட்டி கவிழ்ந்து படுத்துப் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைப்பார்கள். இவள் முதுகில் வைத்திருக்கிறாளே என்று நின்றுவிட்டேன். எனக்கு அப்போது ஏழாம் மாசம். "ரெண்டு பேரும் பேசிவச்சு உண்டானீகளா?" என்று மதினி இடித்துக் கூட்டிப் போனார்.

தண்ணிக்கும் ஒரு முறை இருந்தது. மலையில் ஏறுகிற இடத்தில் ஓர் ஊத்து. பொழுது இருக்கிற மட்டும் அது ஊருக்கு. பொழுது சாய்ந்தால் கம்பளிக்காரிக்கு. விளக்கு வைத்த பிறகு யாரும் குடம் எடுக்க மாட்டார்கள். என் கொழுந்தன் முந்தின வருசம் அந்த முறையை மீறி இருட்டும் நேரத்தில் தண்ணி குடிக்கப் போய், தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கிழிபட்டு வந்தவர். தழும்பு மண்வெட்டி போட்ட வரப்பு மாதிரி இருக்கும். கரடி என்ற பேச்சு எடுத்தாலே அவருக்குக் கண் சிவக்கும். "அவ நேரத்துல நீ ஏன்டா போன?" என்பார் மதினி. அவர் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அந்தக் கோடையில் மழை பொய்த்து, ஊத்து கசிகிறதோடு நின்றுவிட்டது. ஊரில் கூடிப் பேசினார்கள். ராத்திரி ஊறுகிற தண்ணியையும் நாமே சேர்த்துவைத்தால் விடிந்ததும் வீட்டுக்கு ஒரு குடம் கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, பொழுது சாய்ந்ததும் ஊத்து வாயில் ஒரு பாறைப் பலகையைத் தள்ளி மூடினார்கள். என் மாமனாரும் சரி என்றார். கம்பளிக்காரி வேறு எங்காவது குடித்துக்கொள்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேறு எங்கே தண்ணி இருக்கிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை. இருந்தது எங்கள் கிணற்றில்தான்.

மூடின ரெண்டு மூன்று நாளில், விடியற்காலையில் எங்க வீட்டுக்காரர் கமலை பூட்டப் போனார். கமலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணியைச் சாலில் இழுத்துக் கொட்டுகிறது. மாடு முன்னால் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் நடந்தால் சால் உள்ளே போகும். அன்றைக்கு மாடு ரெண்டும் கிணற்றுப் பக்கமே வர மாட்டேன் என்று மூக்கால் சீறின. அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு கம்பளிக்காரி தண்ணியில் நிற்கிறாள்.

ஊரே கூடிவிட்டது. கொழுந்தன் ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்க. இன்னைக்கு மாட்டுனா."

மாமனார் குறுக்கே நின்றார். "போட்டுட்டு? செத்தத யாருடா எறங்கி எடுப்பா? அது கெடந்த தண்ணிய முழுக்க எறச்சுக் கொட்டணும். இந்த வெயில்ல கொட்டுனா திரும்ப ஊறுமா?"

"அப்ப அவ உள்ளயே கெடக்கட்டுங்கிறீகளா?"

"கெடந்தாலும் செத்துப் போகும்டா!"

அதுதான் விசயம். ஊத்துக் கசிவை விட்டால் அந்த வருசம் எங்களுக்கு இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான். மிளகாய் பூவெடுத்து நின்றது. அது காய்ந்தால் வருசத்துக்குச் சோறில்லை. குடிக்கிறதும் அதுதான். வயிற்றில் பிள்ளையோடு நான் ஒருத்தி. திருமங்கலத்திலிருந்து துப்பாக்கிக்காரரைக் கூட்டி வரலாம் என்று ஒருத்தர் சொன்னார். சுட்டாலும் அது கிணற்றுக்குள்தானே சாகும் என்று இன்னொருத்தர் சொன்னார். கமலைப் பக்கத்து வேலிக்குள் குட்டி கத்திக்கொண்டே இருந்தது. கேட்டுக் கேட்டு என்னால் நிற்க முடியவில்லை.

"மாமா, ஒரு மரத்த உள்ள எறக்குங்க" என்றேன். அம்புட்டு ஆம்பிளைகள் நடுவில் நான் பேசினது அதுதான் முதல்.

கொழுந்தன் திரும்பினார். "கண்மாய்க்காரிக்குக் கரடியப் பத்தி என்ன தெரியும்?"

"கரடியப் பத்தித் தெரியாது தம்பி. கெணத்தப் பத்தித் தெரியும். எங்க ஊருல மரநாய் விழுந்தா நீளமா மட்டைய உள்ள விடுவோம். ஆள் ஒதுங்கிட்டா அதுவா ஏறிப் போயிரும். இவளுக்கும் ஏறத் தெரியும்ல. பிடிக்கத்தான் ஒண்ணுமில்ல."

அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்றதை மறந்து எல்லோரும் கரடி கரடி என்று பேசிக்கொண்டிருந்தோம். மதினிதான் என் வாயைப் பொத்தினார். பொத்திக்கொண்டே, "புள்ள சொல்றது சரிதான்" என்றார்.

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வாகை மரம் விழுந்து கிடந்தது. கிளையை எல்லாம் பிடித்து ஏறத் தோதாக முண்டு முண்டாக விட்டு வெட்டி, அடிமரத்தைச் சால் கட்டுகிற கமலை வடத்தில் கட்டினார்கள். இனி மாடு பின்னால் நடந்தால் மரம் மெள்ள உள்ளே இறங்கும். ஆனால் கரடி கிடக்கிற கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எந்த மாடு பின்னால் நடக்கும்? எங்க வீட்டுக்காரர் அதட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். அசையவில்லை. அந்த மாடுகள் ஒரே ஒருத்தர் குரலுக்குத்தான் கேட்கும். கன்றிலிருந்து வளர்த்தவர் என் கொழுந்தன்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம் கல்லைக் கீழே போட்டார்.

"உங்களுக்காக இல்ல மதினி. மிளகாய்க்காக" என்றார் என்னிடம். அவருக்கு நான்தான் மதினி.

"எதுக்காகவோ, செய்யுங்க தம்பி."

கமலை இறைக்கும்போது தினமும் பாடுகிற பாட்டையே அவர் எடுத்தார். கையில் தழும்பு, கிணற்றில் தழும்பு போட்டவள், நடுவில் பாட்டு. குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது. மாடுகளுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னால் வந்தன. வாகை மரம் சரிந்து இறங்கிச் சுவரில் சாய்ந்து நின்றது.

அப்புறம் எல்லோரையும் மாமனார் விரட்டிவிட்டார். நாங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அன்றைக்கு ஊத்துக்கும் யாரும் போகவில்லை, சோறு பொங்கத் தண்ணியில்லை. அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டு, ஆளுக்கொரு சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு கிடந்தோம். வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. செத்தாளோ என்று ஒருத்தர், மரம் சரிந்ததோ என்று ஒருத்தர். "மூச்சு விடாதீக. அவளுக்கு வெக்கம்" என்றார் மதினி.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கிணற்று மேட்டில் முதலில் ஒரு கை தெரிந்தது. நீண்ட நகம். அப்புறம் தலை. ஈரத்தில் ஒட்டிப்போய், பாதி ஆளாகத் தெரிந்தாள். உடம்பை ஒரு உதறு உதறினாள். வேலிக்குள்ளிருந்து குட்டி ஓடி வந்தது. அவள் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள், அது முதுகில் ஏறிக்கொண்டது. இலுப்பை மரங்களுக்கு நடுவே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதற்கு அழுதேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மதினி போய் முதல் குடம் சேந்தி, கையில் ஏந்திக் குடித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம்.

"கம்பளி வாசம் அடிக்குது. அம்புட்டுத்தான்."

மறுநாள் விடிந்ததும் மாமனார் முன்னால் நடக்க, ஊர் ஆட்கள் போய் ஊத்து மேல் கிடந்த பலகையைத் தள்ளிப் போட்டார்கள். அந்தக் கோடை முடிகிற மட்டும் வீட்டுக்கு ஒரு குடம் குறைவாகத்தான் எடுத்தோம். பொழுது சாய்ந்தபின் ஊத்து மறுபடி அவளுக்கு. எங்கள் கிணற்றுக்கு அவள் வரவில்லை. மிளகாய் பிழைத்தது. பழம் பறித்துக் காயப் போட்டபோது வாசலெல்லாம் சிவப்பு.

என் மகள் பிறந்தாள். முதல் குளிப்பாட்டுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணியைத்தான் காய்ச்சினார்கள். பெயர் வைக்கிற அன்றைக்குக் கொழுந்தன் வந்தார். மடியிலிருந்து ஒரு செப்புத் தாயத்தை எடுத்தார்.

"என்ன தம்பி இது?"

"உள்ள இருக்கிறது, மரத்த மேல இழுத்தப்ப முண்டுல ஒட்டியிருந்துச்சு. ஊருப் பொம்பளைக வந்து பிடுங்கிக்கிறதுக்குள்ள எடுத்து வச்சேன். கம்பளிக்காரி மயிரு. பிள்ளைக்குக் கட்டுனா பயப்படாது."

"அவ மேல கோவம் போயிருச்சா?"

"அதெல்லாம் போகல." தழும்பைத் தடவிக்கொண்டார். "கட்டுங்க மதினி, நேரமாச்சு."

அரைஞாணில் கோத்துக் கட்டினேன். என் மகள் இருட்டுக்கும் இடிக்கும் பயந்து அழுது நான் பார்த்ததில்லை. அது தாயத்தோ, அந்தத் தண்ணியோ, எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களிடம் இம்புட்டுத்தான் சொல்ல முடியும். எங்கள் தண்ணியை அவளும் குடித்தாள், அவள் தண்ணியை நாங்களும் குடித்தோம். அதில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்த மலைக்கும் அவளுக்கும் ஒரு கும்பிடு.