அவன் உருட்டிய பந்து

எண்பதுகளின் தொடக்கம். என் மகனுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை, நடையும் சரியில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டில் பஸ் ஏறுவேன். சேலத்தை ஒட்டிய சூரமங்கலத்தில் ஒரு பழைய ரயில்வே குடியிருப்பின் கூடத்தில், அவனைப் போன்ற பிள்ளைகளைப் பாய் விரித்து உட்காரவைத்து விளையாடப் பழக்கினார்கள். பஸ்ஸில் "பையனுக்கு என்னங்க?" என்று கேட்காத ஆளில்லை. "அவனுக்கு ஒண்ணுமில்லீங்க, உங்களுக்கு என்ன?" என்று ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன். சேலம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே டீச்சர் சொன்ன வேலை எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. மகனுக்கு எதிரே உட்கார்ந்து பந்தை உருட்டிவிட வேண்டும். அவன் திருப்பி உருட்டும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. மாதக்கணக்கில் பந்து அவன் காலில் முட்டிக்கொண்டு கிடந்தது. ஒருநாள் அவன் அதைத் தள்ளினான். தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். அதுவரை அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பக்கத்தில் தன் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த, செவ்வாய்ப்பேட்டை மளிகைக்கடை பாய் வீட்டு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவன் அப்பா ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆந்திராப் பக்கம் போனால் திரும்ப மாதங்களாகும். அந்த முறை ஊருக்கு வந்தவரை, மகன் உருட்டுவதைப் பார்க்கட்டும் என்று கூட்டிப்போனேன். அவர் வாசற்படியே தாண்டவில்லை. எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"இதுங்களோட உக்கார வெச்சா நம்ம பையனும் இப்படியேதான் ஆவான். தூக்கு, ஊட்டுக்குப் போலாம்."

டீச்சர் பேசிப் பார்த்தார். வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். இனிமேல் சேலம் கிடையாது என்று அவன் அப்பா முடித்துவிட்டார்.

மறுநாள் வீட்டில், மகன் அவர் எதிரே உட்கார்ந்து அவரை நோக்கிப் பந்தை உருட்டினான். கைகளை நீட்டினான். அவர் பந்தை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தார். மறுபடி உருட்டினான். மறுபடி எடுத்துவந்து வைத்தார்.

"ஒரு பந்தக்கூடப் புடிச்சு வெச்சுக்கத் தெரியலயே சாமி" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஏனுங்க, அவன் உங்கள வெளையாடக் கூப்பிடறானுங்க. திருப்பி உருட்டுங்க!" என்று கத்தினேன்.

"போதும் புள்ள, உன்ற சேலத்துக் கதை" என்று பந்தைப் பரண்மேல் போட்டுவிட்டு வெளியே கிளம்பினார்.

நான் அதை இறக்கி, அவன் எதிரே உட்கார்ந்து உருட்டிவிட்டேன். அது அவன் காலில் முட்டி நின்றது. அவன் இரண்டு கைகளையும் வாசலைப் பார்த்து நீட்டியபடியே இருந்தான்.