தாயத்து கட்டிய காரில் கடலூரிலிருந்து சிதம்பரம்

1966 தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். கார் என் தங்கை ஜைனபின் வீட்டுக்காரர் காசிம் மச்சானுடையது. நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இருபது வருஷமாக டாக்சி ஓட்டுகிறவனுக்கு அடுத்தவர் காரில் சும்மா உட்காருவது என்ன பாடு என்று கேட்காதீர்கள்.

அந்தக் காருக்குக் கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளும். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு இன்ஜினியரிடம் மச்சான் வாங்கினார். கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது முழங்கால் தேய்ந்து கிடக்கிறது. மச்சானோ இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டபடி ஓட்டுவார். எனக்கு எரிந்தது வயிறா முழங்காலா என்று இன்றுவரை தெரியவில்லை.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கார் உதைக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்னாலிருந்து எருமை முட்டுவதுபோல் ஓர் அடி. மச்சான் பயந்துபோய், சிதம்பரம் தெற்கு வீதி அரிசி வியாபாரி ஒருவருக்கு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். பதினொரு மணிக்கு அவர் காரைப் பார்ப்பதாக ஏற்பாடு.

"எல்லாம் உன் கண்ணுதாண்ணே" என்றாள் பின் சீட்டிலிருந்து ஜைனப்.

"என் கண்ணுக்கு அவ்ளோ சக்தி இருந்தா மொதல்ல உன் மாமியாரப் பாத்திருப்பேன்" என்றேன். மச்சான் சிரித்துவிட்டு, சிரிக்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பன்னிரண்டு நிமிஷம் நின்றோம். இன்ஜின் குளிர்ஜுரம் வந்தவன்போல் நடுங்கியது. கேட் திறந்து கார் நகர்ந்ததும் ஓர் உதை. ஜைனபின் மடியிலிருந்த தூக்குச்சட்டி உருண்டது. எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. மறைப்பானேன்?

பதிமூன்றாவது மைலில், புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ பன்னிரண்டு பைசா, மசால் வடை பத்துப் பைசா. வடை தாராளமாகச் சாப்பிடலாம். அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் பானெட்டைத் தூக்கினேன். முதலில் கியர் ஆயில். நம் ஆட்கள் எல்லாரும் இன்ஜின் ஆயிலைப்போல் வண்டியை அணைத்துவிட்டு அளவு பார்க்கும் குச்சியை உருவுவார்கள். இந்தக் காரில் இன்ஜின் சூடாக ஓடும்போதுதான் பார்க்க வேண்டும், இன்ஜினியர் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார். பார்த்தேன். அளவு சரி, தீய்ந்த வாசனையும் இல்லை.

அப்போது 'உஸ்' என்று ஒரு மூச்சு கேட்டது. இன்ஜினிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் விரல் பருமன் ரப்பர் குழாய். அதில் கறுப்புக் கயிறு போட்டு ஒரு செப்புத் தாயத்து. இறுக்கிக் கட்டிய கயிறு சூட்டில் இளகின ரப்பரை அறுத்துவிட்டது. அறுந்த இடத்தை விரலால் பொத்தினேன். இன்ஜின் நடுக்கம் நின்றது. உதைக்கும் இதுதான் காரணம்.

கண்ணேறு படாமல் இருக்க ஜைனப் கட்டியது! யார் கண்ணுக்கு என்று எனக்குத் தெரியாதா?

நான் பானெட்டை மூடிவிட்டுப் பேசாமல் ஏறிக்கொண்டேன். கார் விற்றுப்போனால் எங்கள் தெருவில் மறுபடி என் டாக்சி ஒன்றுதான். சொன்னால் எனக்கென்ன லாபம்?

"என்ன மச்சான், எதுனா தெரிஞ்சுதா?" என்று கேட்டார் காசிம் மச்சான்.

"கியர் பெட்டியே போயிருக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்ஜின் தெரிஞ்ச ஆளு." கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினார். "விக்கப்போற வண்டி. ஒருதடவ நீங்களும் ஓட்டிப் பாருங்க மச்சான். ஆசையிருக்கும்ல?"

அந்த மனுஷன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. புவனகிரிப் பாலம் வரை நான்தான் ஓட்டினேன். உதைத்தது, ஆனாலும் என் இடது கால் இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஓய்வெடுத்தது. பாலத்தின் நடுவில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"கார விக்காதீங்க. பெட்டி நல்லாருக்கு. உங்க பொண்டாட்டி கட்டுன தாயத்துதான் கொழாய அறுத்திருக்கு."

"புதுச்சத்திரத்துல ஏன் சொல்லல?" என்றாள் ஜைனப்.

"நீ யாருக்காகத் தாயத்து கட்டினியோ, அவன்தான் அங்க எறங்கிப் பாத்தான்."

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பத்தே முக்காலுக்குச் சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் எனிமாவுக்கு விற்கிற தடித்த ரப்பர் குழாய் ஒன்றேகால் ரூபாய்க்குக் கிடைத்தது. "மச்சான், காருக்கு மலச்சிக்கல்னு சொல்லிடாதீங்க, கடைக்காரன் பயந்துருவான்" என்றேன். வெட்டிச் சொருகி, கம்பியால் கட்டினேன். நான்கு ரத வீதியும் சுற்றினோம். கியர் மாறுவது தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் இருந்தது. வியாபாரியிடம் மச்சான் மன்னிப்புக் கேட்டுவிட்டு விற்காமல் வந்தார்.

இதே பாதையில் போகிறவர்களுக்கு: இருபத்தாறு மைல், நிற்காமல் போனால் ஒன்றரை மணி நேரம். ஆலப்பாக்கம் கேட்டுக்குக் கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் இல்லாத கார் உதைத்தால் பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள். ஆயிலைச் சூட்டில் பாருங்கள், பிறகு ரப்பர் குழாய்களில் காது வையுங்கள். எனிமா குழாய் ஊர் திரும்பும் வரைதான், பிறகு சரியான குழாய் போட்டுவிட வேண்டும்.

திரும்பும்போது ஜைனப் அந்தத் தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கட்டுவதென்று யோசித்தாள். நான் கழுத்தை நீட்டினேன்.

"இங்க கட்டும்மா. எரியற எடம் இதுக்குக் கீழதான் இருக்கு."

கட்டிவிட்டாள். மச்சான் வெற்றிலை போட்டபடி ஓட்டினார். தாயத்து இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை.