காவலனின் கையில் ஏறிய சாலமாண்டர்

கிறிசாந்தோ தியுல் பதினொரு வருடங்களாக மலைக்காட்டின் காவலன். மரக்கிளைகளில் தொற்றி வளரும், அன்னாசி போன்ற செடிகளும், அவற்றின் இலையடுக்கு ஈரத்தில் குடியிருக்கும், பல்லி போன்ற சாலமாண்டர்களும் அவன் பொறுப்பு. நுரையீரல் இல்லாமல் தோலாலேயே மூச்சு விடும் அந்தப் பிராணியைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவான். அதைத் தொட்டதே இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டான். தொட்டால் கை சூம்பிவிடும் என்று சிறுவயதில் கேட்டிருந்தான். அது பொய் என்று தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

ஊருக்கு இது தெரியும். மனைவி ரொசெந்தாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு அந்தச் செடிகள் வேண்டும். மரத்தில் பறிக்கக்கூடாது, காற்றில் விழுந்த கிளையிலிருந்து எடுக்கலாம், அதுவும் காவலன் இலை இலையாக விலக்கிப் பார்த்த பிறகு. இது ஊர் போட்ட சட்டம். இந்த வருடம் கிறிசாந்தோ இரண்டடி தள்ளி நின்று, குச்சியால் தட்டி, "காலி, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டான்.

இருபத்துமூன்றாம் தேதி மதியம் கோயிலிலிருந்து ஆள் வந்தது. போனால், குடில் பொறுப்பாளி எமிலியானா துடைப்பத்தை ஓங்கியபடி நிற்கிறாள். மண் ஆடுகளுக்கு நடுவே விரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று அசையாமல் கிடந்தது.

"காலின்னு சொன்னது யாருங்க, காவக்காரரே?"

"அடிச்சிராதீங்க. விஷமில்ல அது."

"அப்ப எடுங்க."

குங்கிலியப் புகை, மெழுகுவர்த்திச் சூடு. செடியிலிருந்த தண்ணீரையும், குடில் நனையக்கூடாதென்று கவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதன் தோல் காய ஆரம்பித்திருந்தது. காய்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

"ஒரு இலை இருந்தா..." என்றான்.

"போன மாசம் எங்களுக்கு என்ன பாடம் எடுத்தீங்க?" என்றாள் கூடவே வந்திருந்த ரொசெந்தா. "கைய நல்லா நனைச்சுக்கிட்டு, அலுங்காம எடுக்கணும். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பக்கத்தில் இருந்த தண்ணீர், வாசல் தொட்டியிலிருந்த தீர்த்தம் மட்டும்தான். அதில் கையை மணிக்கட்டு வரை விட்டான்.

"தீர்த்தத்துலயா?" என்றாள் எமிலியானா.

"அவருக்கும் அது வேண்டியிருக்கு, விடு" என்றாள் ரொசெந்தா.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததாக எமிலியானா இன்றும் சொல்கிறாள். திறந்துதான் இருந்தது என்கிறாள் ரொசெந்தா. துணிச்சல் என்று சொல்ல அதில் அதிகமில்லை. கை பின்வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கையை நீட்டியபடியே முக்கால் மணி நேரம் மலை ஏறினான். ரொசெந்தா பின்னாலேயே வந்து, சுரைக்குடுவைத் தண்ணீரை அவ்வப்போது சொட்டவிட்டாள். கருவாலி மரத்தின் தாழ்ந்த கிளையில், மழைநீர் நிறைந்த செடியொன்றின் மேல் கையை வைத்தான். சாலமாண்டர் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அவன் கட்டைவிரலைச் சுற்றி வாலை வளைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

"கை சூம்பிருச்சா?"

"இல்ல. போகமாட்டேங்குது."

"உதறுங்க."

"உதறக்கூடாது."

"அப்ப நில்லுங்க" என்று ரொசெந்தா ஒரு வேரில் உட்கார்ந்து, மடியிலிருந்த மக்காச்சோள ரொட்டியைப் பிரித்துத் தின்னத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, நீட்டிய கையை நீட்டியபடியே நிற்கும் கணவனுக்கும் ஒரு வாய் ஊட்டினாள். குடிலில் இருக்கும் மீதி நான்கு செடிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றான் அவன், மென்றுகொண்டே.

"இலை இலையாவா?"

"இலை இலையா."